பத்தொன்பது பெட்டிகள்

"என் புரோகிராமோட ரூட் பவரை எடுத்தது யாரு?"

வந்ததும் வராததுமாக சீனியர் கேட்டார். சர்வர் பாதுகாப்பைக் கவனிக்கும் செக்யூரிட்டி மேடம் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான்தான் சார். உங்களோடது மட்டுமில்ல, பத்தொன்பது கன்டெய்னரும் இனிமே சாதாரண யூசராத்தான் ஓடும்."

ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் செய்யும் கம்பெனி அது. ஒவ்வொரு புரோகிராமையும் தனிப் பெட்டியில் அடைத்து ஓடவிடுவார்கள், அதுதான் கன்டெய்னர். ரூட் என்றால் சர்வரின் எல்லாக் கதவுக்கும் சாவி இருப்பது மாதிரி. சீனியரின் பெட்டி எப்போதும் அந்தச் சாவியோடுதான் ஓடியது.

"என்மேல நம்பிக்கை இல்லையா?"

"அப்படியெல்லாம் இல்ல சார். பொது விதி."

பொது விதியாம். இவள் வேலைக்குச் சேர்ந்து நாலு மாசம் ஆகவில்லை. ஆள்குறைப்புப் பேச்சு வேறு அடிபடுகிறது. நேற்று மேனேஜரிடம் பேசிக்கொண்டிருந்தவள், இவர் தலையைக் கண்டதும் கப்சிப்பென்று ஆனாளே, அது எதற்காம்?

நேராக மேனேஜரிடம் போனார்.

"அந்தப் பொண்ணு எனக்குக் குழி தோண்டுது சார்."

"ஆதாரம் இருக்கா?"

"சாயங்காலம் கொண்டு வர்றேன்."

யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பதெல்லாம் பதிவில் இருக்கும். தேடினார். செவ்வாய் காலை பதினொன்று நாற்பதுக்கு அவருடைய பெட்டியை மட்டும் மாற்றியிருக்கிறாள். மற்ற பதினெட்டும் அன்று மாலைதான்.

"முதல்ல நான். அப்புறம் கண்துடைப்புக்கு மத்தவங்க." பதிவை அப்படியே பிரின்ட் எடுத்துக்கொண்டார்.

இன்னும் கொஞ்சம் வலு சேர்க்கலாமே என்று தன் பெட்டிக்குள் நடப்பதெல்லாம் பதிவாகும் லாகைத் திறந்தார். செவ்வாய் பதினொன்று நாற்பதுக்கு மேல் 'அனுமதி இல்லை', 'அனுமதி இல்லை' என்று நாற்பது வரிகள். உள்ளிருந்து ஏதோ ஒன்று, நோயாளிகளின் ரிப்போர்ட் இருக்கும் இடத்துக்குப் போகத் திரும்பத் திரும்ப முட்டியிருக்கிறது. சாவி இல்லாததால் வெளியே வர முடியவில்லை.

அது எங்கிருந்து வந்தது என்று பார்த்தார். திங்கட்கிழமை, வேலை சீக்கிரம் முடியட்டும் என்று இணையத்திலிருந்து ஒரு ஃபைலை சோதிக்காமல் சேர்த்திருந்தார். இப்போது அந்த ஃபைல் அங்கே இல்லை. 'பழையது, நீக்கப்பட்டது' என்று மேடத்தின் குறிப்பு மட்டும் இருந்தது; சேர்த்தவர் பேர் அதில் இல்லை.

"என்ன சார், ஆதாரம் கிடைச்சுதா?" மேனேஜர் மேசைக்கே வந்துவிட்டார்.

சீனியர் பிரின்ட்டைக் கவிழ்த்து வைத்தார். மேனேஜரே தொடர்ந்தார்.

"எனக்கு இந்த லாகெல்லாம் புரியாது. யாரோ கண்ட ஃபைலை உள்ள விட்டிருக்காங்க, அந்தப் பொண்ணு தடுத்துட்டேங்கறா. யாருன்னு கேட்டா வாயே திறக்கல. 'நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள பேரைச் சொல்லு, இல்லைன்னா வேலையை விட்டுப் போயிடு'ன்னு நேத்தே சொல்லிட்டேன். அப்பவும் சொல்லல. அவளே பண்ணியிருப்பா, அதான் மறைக்கிறா. நல்லவேளை, நீங்க கண்டுபிடிச்சுட்டீங்க. குடுங்க."

அந்தப் பக்கம் மேடம் தன் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தாள்.

சீனியர் தாளை நீட்டினார்.

"ஆதாரம் சரியாத்தான் இருக்கு சார். ஆள்தான் அவங்க இல்ல, நான்."