படிக்கட்டுக்கு அடியில் ஒரு ஃபிரிட்ஜ்

"மாளவிகா, உன் ஹவுஸ் ஓனர் உன்னோட ஃபிரிட்ஜ் ஒயரைப் புடுங்கிட்டார். என் கண்ணால பாத்தேன்."

எதிர்வீட்டு ஆஷா போனில் இதைச் சொன்னபோது மாளவிகா கோயம்புத்தூரில் ஆபீஸ் ட்ரெய்னிங்கில் இருந்தாள். சனிக்கிழமை காலை. மறுநாள்தான் மாடம்பாக்கம் திரும்ப முடியும்.

"திரும்ப சொருகினாரா?"

"தெரியலப்பா. நான் வேலைக்குக் கிளம்பிட்டிருந்தேன். ஒயரைக் கையில வெச்சுக்கிட்டு நின்னார். அவ்வளவுதான் பாத்தேன்."

கீழ்வீட்டில் குடியிருக்கும் ஹவுஸ் ஓனர் துளசிங்கத்துக்குப் போன் போட்டாள். ரிங் போனது. எடுக்கவில்லை. மதியமும் எடுக்கவில்லை.

அந்த ஃபிரிட்ஜில் காய்கறி இல்லை. ஒரு பெரிய ஜாடி நிறைய இஞ்சி பீர் இருந்தது.

பேரில்தான் பீர். இஞ்சி, எலுமிச்சை, சர்க்கரை, கொஞ்சம் ஈஸ்ட். போதை ஏறாது. ஆனால் பதமான குளிரில் புளிக்க வேண்டும். சென்னை வெயிலில் அது நடக்குமா? முதல் தடவை பாட்டில்கள் சமையலறையில் வெடித்தன. அடுத்த தடவை ஐஸ் கட்டிகளுக்கு நடுவே ஜாடியை வைத்தாள்; காடியாகிப் போனது. வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் அந்தக் குளிரில் ஈஸ்ட் தூங்கிவிட்டது.

அப்புறம்தான் தானே ஒரு பெட்டி செய்வது என்று இறங்கினாள். பழைய ஃபிரிட்ஜ் ஒன்றை வாங்கித் தட்டுகளையெல்லாம் கழற்றினாள். சூட்டைப் பார்த்துக் கரண்டைக் கொடுத்து நிறுத்தும் ஒரு சின்னக் கருவியை மாட்டி, அதன் சென்சரை ஜாடியோடு சேர்த்து டேப் ஒட்டினாள். ஜாடி சூடேறினால் ஃபிரிட்ஜ் ஓடும், ஆறினால் தானாக நிற்கும். கருவியில் பதினெட்டு டிகிரி என்று எண் அசையாமல் நின்ற அன்று, தனியாக நின்று கை தட்டிக்கொண்டாள்.

மாடியில் இடம் இல்லாததால் பெட்டி படிக்கட்டுக்கு அடியில் வந்தது. துளசிங்கத்தின் கண்ணில் பட்டது.

"பீரா? என் வூட்லயா?"

"இஞ்சி பீர் அங்கிள். ஜூஸ் மாதிரிதான்."

"பேர்லயே பீர் கீதே. நாலு பேரு கேட்டா நான் இன்னா பதில் சொல்றது? இந்த மாசத்தோட எடுத்துடு."

"இந்த ஒரு தடவை மட்டும் விடுங்க அங்கிள். நடுவுல கரண்ட் நின்னு சூடாச்சுன்னா மொத்தமும் வீணாயிடும்."

அவர் ஒயரை ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். எப்படிக் கெடுக்கலாம் என்று நானே அவருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டேனே என்று இப்போது நினைத்து நினைத்து மாளவிகா குமுறினாள்.

ஞாயிற்றுக்கிழமை யேசுதாசன் வருவதாக இருந்தார். வண்டலூரில் ரெஸ்டாரன்ட் நடத்துகிறவர். காடியாகிப்போனதை ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னும் ஒரு வாட்டி பாக்கலாம்மா. அதுக்கப்புறம் என்னை வற்புறுத்தாதீங்க" என்று சொல்லிப் போனவர்.

ராத்திரி பஸ்ஸில் கண்ணே மூடவில்லை. பெருங்களத்தூரில் இறங்கி ஆட்டோ பிடித்து, பையைக்கூட மாடியில் வைக்காமல் படிக்கட்டுக்கு அடியில் குனிந்தாள்.

ஒயர் சொருகியிருந்தது. ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. பதினெட்டு டிகிரி.

பயந்துபோய் உடனே சொருகியிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

யேசுதாசன் வந்தார். கிளாஸில் ஊற்றும்போதே நுரை பொங்கியது. ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். பிறகு கிளாஸை நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்கம்மா."

மாளவிகா கிளாஸ் நிறைய ஊற்றினாள்.

"அடுத்த மாசம் மெனுவுல போட்டுடலாம். பேர் மட்டும் சொல்லுங்க, என்னன்னு போடணும்?"

"மாடம்பாக்கம் இஞ்சி பீர்" என்றாள். சொன்னதும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அவரை அனுப்பிவிட்டு ஒரு பாட்டிலில் ஊற்றி எடுத்துக்கொண்டு நேராகக் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினாள். துளசிங்கம் வந்து நின்றார். பின்னால் அவர் மனைவி கங்கையம்மாள்.

"ஜெயிச்சுட்டேன் அங்கிள். ஹோட்டல்ல எடுத்துக்கிறாங்க. நேத்து நீங்க ஒயரைப் புடுங்கியும் ஜெயிச்சுட்டேன்."

"அப்டியா. சந்தோசம்."

"புடுங்கலன்னு சொல்லாதீங்க. ஆஷா பாத்தாங்க."

"நான்தான் புடுங்கினேன். அதுக்கு இன்னா இப்போ?" என்று சொல்லிவிட்டுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிப் போய்விட்டார்.

"பாத்தீங்களா ஆன்ட்டி, எவ்வளவு தைரியமா சொல்லிட்டுப் போறார்? நான் ராப்பகலா கஷ்டப்பட்டது இது."

கங்கையம்மாள் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"நேத்து நம்ம பக்கத்து லைன்ல மட்டும் கரண்டு போச்சு கண்ணு, எதிர்ப்பக்கம் இருந்துச்சு. போன சைலன்ட்ல போட்டு வூட்லயே வெச்சிட்டு லைன்மேன இட்டாரப் போனவரு, பொழுது சாயத்தான் வந்தாரு. போறதுக்கு முன்னாடி உன் ஒயரப் புடுங்கி எங்க வூட்டு இன்வெர்ட்டர்ல சொருகிட்டு, 'புள்ளயோட சரக்கு கெட்டுடும், நான் வர்ற வரைக்கும் ஒருத்தரும் ஃபேன் போடக்கூடாது'ன்னு சொல்லிட்டுப் போனாரு."