முழுக் கடிதம்

ஜெசிந்தாவின் பழைய கணினி மண்டையைப் போட்டுவிட்டது. அவள் வேலை பார்க்கும் குடிநீர்ப் புகார்ப் பிரிவுக்கு வரும் கடிதங்களை அதன் குரலில் கேட்டுத்தான் அவள் பதில் எழுதுவாள். பிறவியிலேயே பார்வை கிடையாது. புதிதாக ஒன்று வாங்கக் கடைக்கு வந்தவள், ஏற்கெனவே வரிவரியாகத் தெரிந்த ஒரு கடிதத்தைப் பென்டிரைவில் கொண்டுவந்திருந்தாள். எந்தக் கணினிக்கும் அவள் வைக்கும் பரீட்சை அது.

விற்பனையாளர் சபரீசன் அதைப் புது மாடலில் செருகினார். தேன் தடவிய குரல் ஒன்று சொன்னது: "தண்ணீர் தாமதம் குறித்து ஒருவர் வருந்துகிறார். வழக்கமான பதில் போதும்."

"கடிதத்த வாசிக்கச் சொல்லுங்க."

"இப்ப வர்றது எதுவும் வாசிக்காது மேடம். சுருக்கமா சொல்லிடும். உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்?"

"பதினோரு நாளாத் தண்ணி இல்ல, லாரித் தண்ணிக்கு ஓடின பொண்டாட்டி விழுந்து இடுப்பு ஒடிஞ்சு போச்சுன்னு அந்த ஆளு எழுதியிருக்காரு. அது எங்க போச்சு?"

சபரீசன் குடோனுக்குப் போய், விற்காமல் கிடந்த பழைய மாடல் ஒன்றைத் தூசி தட்டி எடுத்துவந்தார். ஜெசிந்தா அதே கடிதத்தை அதில் போட்டு, வாசிக்கும் வேகத்தை உச்சத்துக்கு ஏற்றினாள். அவருக்கு வண்டு இரைவதுபோல்தான் கேட்டது. அவளோ இடுப்பு ஒடிந்த வரியில் சரியாக நிறுத்தினாள்.

"இதுக்கு பில் போடுங்க."

"யோசிச்சுக்கங்க மேடம். கண்ணு தெரிஞ்ச உங்க ஆபீசருங்க எல்லாருமே அந்தப் புதுசத்தான் வச்சிருக்காங்க."

"அதனாலதான் அந்த ஆளுக்குப் பதினோரு நாளாத் தண்ணி வரல," என்றாள் ஜெசிந்தா. "பழசக் கட்டுங்க."