இரண்டில் ஒன்று

"மேடம், இந்த ரெண்டுல ஒண்ணு எங்க வீட்டுப் பெட்டி. நான் மதிப்புப் போடுறது முறையில்லை. வேற ஆளைக் கூப்பிடுங்க."

கருவிப் பையைத் திறப்பதற்கு முன்பே ஊசிக்காரர் இப்படிச் சொன்னதும் காப்பாட்சியர் அம்மாவுக்குத் திக்கென்றது.

பழைய கிராமபோனில் அசல் எது, போலி எது என்று சொல்வதில் ஊசிக்காரரை அடிக்க ஆளில்லை. ஊசி முனையளவு பிசகையும் விடமாட்டார் என்பதால் வந்த பெயர். சொந்தப் பெயர் அந்த அருங்காட்சியகத்தில் யாருக்கும் ஞாபகமில்லை.

"எது சார் உங்களுது?"

"சொன்னா உங்க கண்ணு அதுலயே நிக்கும். எனக்கே இப்பப் பார்த்துத்தான் தெரியுது. அக்கா ஒரு வார்த்தை சொல்லாம அனுப்பி வெச்சிருக்காங்க."

கண்ணாடி அறையில் ஒரே ஒரு கிராமபோனுக்குத்தான் இடம். தேர்வாகும் பெட்டியை அருங்காட்சியகமே பழுது பார்க்கும். கொடுத்த குடும்பத்தின் பெயர் சுவரில் ஏறும். யார் கொடுத்தது என்று தெரிந்தால் தீர்ப்பு சாய்ந்துவிடும் என்று எழுத்தர் பெயர்களை உறையில் போட்டு ஒட்டி வைத்திருந்தார்.

தேர்வுக் குழு கூடுவது நாளை காலை. அதற்குள் வேறு நிபுணருக்கு எங்கே போவது?

"பரவாயில்லை, நீங்களே பாருங்க. நான் கூடவே உட்கார்ந்திருக்கேன்" என்றார் காப்பாட்சியர் அம்மா. 'கூடவே' என்பதில் கொஞ்சம் அழுத்தம் இருந்தது. வேலிக்கு ஓணான் சாட்சி என்று ஆகிவிடக் கூடாதே!

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. எதைத் தூக்கிப் பேசுகிறாரோ அதுதான் அவர் வீட்டுது. இதைக் கண்டுபிடிக்க நிபுணரா வேண்டும்?

மேசையில் இருந்த ஒன்று, துருப்பிடித்த கைப்பிடியும் நசுங்கிய குழலுமாக, அடிவாங்கிய பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. மற்றது மெருகு மின்னும் மரப்பெட்டி. பூவாய் விரிந்த பித்தளைக் குழல்.

ஊசிக்காரர் துருப்பிடித்ததை முதலில் எடுத்தார். தட்டைக் கழற்றினார். தூசியை ஊதினார். டார்ச் அடித்தவர் முகம் மலர்ந்தது.

"அடடா! இங்க பாருங்க மேடம். ஒரு திருகைக்கூட எவனும் தொடலை. பெட்டியில இருக்கிற எண்ணும் மோட்டார்ல இருக்கிற எண்ணும் ஒண்ணு. சுத்தமான அசல்!"

"ஆனா பாடாதே?"

"சுருள்வில் ஒடிஞ்சிருக்கு. ஒலிப்பெட்டியில அதிர்ற மைக்காத் தகடு கிழிஞ்சிருக்கு. ரெண்டையும் சரி பண்ணிடலாம். மூணு மாசம் குடுங்க, கணீர்னு பாடும். குழலை மட்டும் நிமிர்த்தாதீங்க, வெடிச்சிடும்."

பேசிக்கொண்டே தன் கைக்குட்டையால் அதைத் துடைத்தார், குளிப்பாட்டிய குழந்தைக்குத் தலை துவட்டுவதுபோல.

சந்தேகமே இல்லை, இதுதான் என்று முடிவு கட்டினார் காப்பாட்சியர் அம்மா.

அடுத்தது பளபளப்புப் பெட்டி. இசைத்தட்டை வைத்து, கண்ணை மூடி, ஒரு பக்கம் முழுக்கக் கேட்டார். பிறகு கவிழ்த்து அடிப்பலகையைக் கழற்றினார். டார்ச் ஒரே இடத்தில் நின்றது. மூடினார். மறுபடி திறந்தார். கால் மணி நேரம் போனது.

"கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

அடுத்தவர் பெட்டியில் குற்றம் கண்டுபிடிக்க இவ்வளவு பாடா என்று நினைத்தபடியே காப்பாட்சியர் அம்மா தண்ணீரை நீட்டினார்.

குடித்துவிட்டுச் சொன்னார்: "எழுதிக்குங்க மேடம். போலி."

"நல்லாப் பாடிச்சே சார்!"

"பாடும். குழல் புதுசு. அதை விடுங்க, பல பேர் மாத்தியிருப்பாங்க. மோட்டார் வேற ஏதோ பெட்டியோடது. பலகை புது மரம், சாயம் ஏத்திப் பழசாக்கியிருக்கான். உள்ள எல்லாமே கூட்டல் குறி போட்ட திருகு. அந்தக் காலத்துல அப்படி ஒரு திருகே கிடையாது. கண்ணாடி அறைக்கு இது வேண்டாம்."

"குடுத்தவங்க மனசு என்ன பாடுபடும்?"

"அதை அளக்கிற கருவி என் பையில இல்லை."

காப்பாட்சியர் அம்மாவுக்குச் சுருக்கென்றது. "உறையைப் பிரிக்கலாமா?"

"தாராளமா."

துருப்பிடித்த பெட்டியைக் கொடுத்தவர் ஓய்வு பெற்ற ஒரு பேருந்து ஓட்டுநர். ஊசிக்காரருக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இன்னொரு சீட்டில் ஒரு பெண்ணின் பெயர். கீழே, 'அப்பாவின் நினைவாக.'

காப்பாட்சியர் அம்மா மெல்ல நிமிர்ந்தார். "இது... உங்க அக்காவா?"

"ஆமாம். இந்தப் பெட்டி பாடினதைக் கேட்டுத்தான் நான் இந்தத் தொழிலுக்கே வந்தேன்."

"ஊர்ல இருக்கிற பெட்டியெல்லாம் திறந்து பார்த்தீங்க. இத்தனை வருஷமா இதைத் திறக்கவே இல்லையா?"

"அப்பா பொருளை யாரு மேடம் சோதிச்சுப் பார்ப்பாங்க?"

காப்பாட்சியர் அம்மா எழுதிய தாளைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். குரல் தானாகத் தாழ்ந்தது.

"சார்... போலின்னு எழுத வேண்டாமே. வெறும் 'தேர்வாகவில்லை'ன்னு போட்டுடலாம். நீங்களும் நானும் சொல்லலைன்னா யாருக்குத் தெரியப்போகுது?"

ஊசிக்காரர் தாளைத் தன் பக்கம் இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

"அப்பாவை ஒருத்தன் ஏமாத்திட்டான். அவர் பேரை வெச்சு நான் ஊரை ஏமாத்தினா, அதைத்தான் அவர் தாங்கமாட்டார் மேடம்."