கை வைக்க விட்டவள்

"ஊர் ஆம்பிளையளின்ர நெஞ்சில கை வைக்கிறதுக்கு நோர்வேயில இருந்து வரவேணுமோ?" என்றாள் கமலாசனி, பக்கத்தில் இருந்த சிவலட்சுமியின் காதுக்குள்.

சிவலட்சுமி சிரித்தாள். "வைச்சபடியாத்தானே என்ர மனுசன் இண்டைக்குத் தேத்தண்ணி குடுத்துத் திரியிறார்."

அக்கராயன் ஊரில், உழவர்களுக்கான கமக்காரர் சங்க மண்டபத்தில் பெண்கள் கூடியிருந்தார்கள். நோர்வேயிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த கௌசலா ரப்பர் பொம்மையொன்றைத் தரையில் கிடத்தி, நின்றுபோன இதயத்தை அழுத்தி இயக்கும் விதத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். மூன்று கிழமைக்கு முன் வயல் வரம்பில் மூச்சில்லாமல் கிடந்த வீரகத்தியை அவள்தான் அப்படி மீட்டெடுத்தாள்.

அதே வீரகத்தி தட்டோடு வந்து மனைவிக்கு முன் குனிந்தார். "சீனி காணுமோ, லட்சுமி?"

கமலாசனி தன் தேநீரைத் தொடாமலே தள்ளி வைத்தாள்.

"நோர்வே வசதியான நாடு. பள்ளிக்கூடத்திலேயே பழக்குவினம்," என்றாள் கௌசலா. "றோட்டில ஆர் விழுந்தாலும் ஓடிப்போய் அழுத்துவினம். இங்கயும் அப்பிடி வரவேணும்."

"காசிருந்தா எல்லாத் துணிவும் வரும்," என்றாள் கமலாசனி உரக்க. "இங்க ஒரு பொம்பிளை ஆம்பிளையைத் தொட்டா, அவன் எழும்ப முன்னம் கதை எழும்பிடும்."



"உனக்கு எரிச்சலடி கமலா..." என்று தொடங்கிய சிவலட்சுமி, தள்ளி வைத்திருந்த தேநீரை மறுபடி அவள் பக்கம் நகர்த்தினாள்.

கௌசலா கமலாசனியை நேரே பார்க்காமல் சொன்னாள். "கமலாக்கா, நீங்களும் ஒருக்காச் செய்து பாருங்கோவன்."

மறுத்துவிடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கமலாசனி எழுந்து போய் முழந்தாளிட்டு, ஒரு கைக்கு மேல் மறு கையை வைத்து அழுத்தத் தொடங்கினாள்.

"இருபத்தொன்பது, முப்பது... காணும் அக்கா, இனி மூச்சுக் குடுங்கோ."

அவள் நிறுத்தவில்லை. கொண்டை அவிழ்ந்து முகத்தை மறைத்தது. பொம்மையின் நெஞ்சு அமுங்கி அமுங்கி எழுந்தது.

"விடுங்கோ அக்கா. இது பொம்மை."

போன வருசப் பொங்கலன்று அவள் கணவன் மயில்வாகனம் கோயில் வாசலில் சரிந்து, பிறகு எழாமலே போனார். அப்போதும் விடுமுறைக்கு வந்திருந்த கௌசலா ஓடிவந்து அவருடைய நெஞ்சை அழுத்த நீட்டிய கைகளைத் தட்டிவிட்டு, "என்ர மனுசனைத் தொடாத!" என்று கத்தியவள் கமலாசனிதான்.