முகத்திஸ் வஹ்பாவின் கை

"கையைக் காட்டுய்யா! சட்டையச் சுருட்டி எல்லாருக்கும் காட்டு!"

முகத்திஸ் தாத்ரூஸ் போட்ட சத்தத்தில் எருசலேமின் அந்தச் சின்னப் பச்சை குத்தும் கடை அதிர்ந்தது. வெளியே வரிசையில் நின்ற, எகிப்தின் மின்யாவிலிருந்து வந்த எங்கள் கூட்டத்தின் முப்பது பேரும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். முகத்திஸ் வஹ்பா சட்டைக் கையை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தார்.

கோப்டிக் கிறிஸ்தவர்களான எங்களிடம் 'முகத்திஸ்' என்பது லேசான பட்டம் இல்லை. ஈஸ்டருக்கு எருசலேம் வந்து, ஆண்டவரின் கல்லறையைத் தொட்டு, கையில் பச்சை குத்திக்கொண்டு திரும்பியவருக்குத்தான் அந்தப் பெயர். எங்கள் ஊரில் அது இருந்தது இரண்டே பேருக்கு. இருவரும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறில் வந்தவர்கள். வஹ்பா அப்போது வேலை பார்த்த அலெக்ஸாந்திரியாவிலிருந்து, தாத்ரூஸ் கெய்ரோவிலிருந்து. ஐம்பது வருடம் கழித்து இப்போதுதான் ஊரே ஒரு கூட்டமாகக் கிளம்பி வந்திருந்தது.

சண்டைக்குக் காரணம், பாதிரியார் அபூனா யுஸ்தோஸ் காலையில் செய்த அறிவிப்பு. நாளை பெரிய வெள்ளி. ஆண்டவர் நடந்த தெருவில் எங்கள் கூட்டத்தின் சிலுவையை வஹ்பா சுமப்பார் என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து தாத்ரூஸுக்கு ஒரு வாய் ரொட்டி இறங்கவில்லை.

"இந்தக் கையப் பாருங்க!" தாத்ரூஸ் தன் மணிக்கட்டை விளக்கடியில் நீட்டினார். நீலச் சிலுவை, அதன் கீழே வருடம். "இவன் கையில என்ன இருக்கு? தீக்காயம்! ரொட்டி அடுப்புல கைய விட்டானாம், சரியா அந்த இடம் மட்டும் வெந்துபோச்சாம். யார் காதுல பூ சுத்துறான்?"

"வாய அளந்து பேசுங்க!" என்று சீறினாள் வஹ்பாவின் மனைவி இன்சாஃப். "வருஷம் குத்திக்கிறது என்ன பெரிய வித்தையா? நம்ம ஊர் மாதா திருவிழாவுலகூடக் குத்தி விடுவான்!"

பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "நீங்க ஏன் மரமாட்டம் நிக்கிறீங்க? பேசித் தொலைங்களேன், மானம் போகுது!"

வஹ்பா சட்டைக் கையின் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். பார்த்தவர்களுக்கே பற்றிக்கொண்டு வந்தது. தப்பு செய்யாதவன் இப்படியா நிற்பான்?

அபூனா குறுக்கே வந்தார். "என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க, வஹ்பா. அறுபத்தாறுல இங்க வந்தீங்களா, இல்லையா?"

"வந்தேன், அபூனா."

"சாட்சி?"

"கூட வந்தவங்க யாரும் இப்ப உசுரோட இல்ல."

"ஏன், நான் உசுரோடதான இருக்கேன்!" தாத்ரூஸ் நெஞ்சில் அடித்துக்கொண்டார். "அந்த ஈஸ்டருக்கு எகிப்துலேர்ந்து வந்த அத்தன பேரும் ஒரே மடத்துலதான் தங்கினோம். ஒரே அண்டாப் பயறத்தான் தின்னோம். ஒவ்வொருத்தன் மூஞ்சியும் எனக்கு மனப்பாடம். சத்தியமாச் சொல்றேன், இவன நான் அங்க பாக்கவே இல்ல!"

"அப்ப அம்பது வருஷமா வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?" என்றாள் இன்சாஃப்.

"ஒரே ஊர்க்காரனாச்சே, அசிங்கப்படுத்த வேணாம்னு பொறுத்தேன். சிலுவையவே தொடப் போறான்னா சும்மா விடுவேனா? திருட்டு முகத்திஸ்!"

அபூனா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சரி, நாளைக்கு நீங்களே சுமங்க, தாத்ரூஸ். வஹ்பா... இனிமே அந்தப் பட்டம் உங்களுக்கு வேணாம்."

இன்சாஃபின் கண்ணில் தண்ணீர் முட்டியது. இருந்த ஆத்திரத்தில் அவள் அதைத் துடைக்கவும் இல்லை.

கடைக்காரர் யாகூப் ஊசியை ணங்கென்று தட்டில் போட்டார். "தொழில் பண்ற இடத்துல என்ன சந்தக்கடச் சத்தம்? கைய இங்க குடுங்க பெரியவரே!"

"வேணாம்ப்பா, விட்டுடு." வஹ்பா கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். யாகூப் விடவில்லை. பிடித்த பிடியில் சட்டையை முழங்கைக்கு மேலே ஏற்றினார்.

தீக்காயம் முடிகிற விளிம்பில், மங்கிய நீலத்தில், நகம் அளவுக்கு ஒரு சிறகின் நுனி.

யாகூப் குனிந்து பார்த்தார். "ஆண்டவர் உயிர்த்தெழுற படம். கல்லறைகிட்ட நிக்கிற தேவதூதனோட சிறகு இது. பச்சை குத்துறதுக்கு எங்கப்பா கையால செதுக்கின மரஅச்சு, உலகத்துல வேற எங்கயும் கிடையாது. அறுபத்தேழுல அவர் செத்துப்போனப்புறம் நாங்க அத வெளிய எடுக்கவே இல்ல."

இன்சாஃப் புருஷனின் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். "சாட்சியக் கையிலயே வச்சுக்கிட்டா ஊமையா நின்னீங்க?"

தாத்ரூஸ் அடங்கவில்லை. இன்னும் எகிறினார். "சிறகு கிடக்கட்டும்! இவன் வந்திருந்தா என் கண்ணுல பட்டிருக்க மாட்டானா? அதுக்கு என்ன பதில்? நான் பாக்கலையே!"

வஹ்பா சட்டைக் கையை இறக்கி, நிதானமாகப் பொத்தானைப் போட்டார். அன்றைக்கு முதல் முறையாகத் தாத்ரூஸின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"நானும்தான் உன்ன அங்க பாக்கல, தாத்ரூஸ். அம்பது வருஷத்துல யார்கிட்டயாவது சொன்னேனா?"