மூன்றாவது டிரம்

சென்னையை நோக்கிப் புயல் என்று டிவியில் கேட்டதிலிருந்து வசந்தாமணி தன் புருசனை உட்காரவிடவில்லை. சின்னுசாமி இரண்டு டிரம்மில் தண்ணீர் நிரப்பி, அரிசி மூட்டையை உள்ளே இழுத்துப் போட்டு, கண்ணாடிச் சாமான்களைப் பரணில் ஏற்றினார். டிவியையும் கழற்றிப் பரணில் வைத்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்புள்ள, கடலே இல்லாத நம்ம வெண்ணந்தூருக்கா வெள்ளம் வரப்போவுது? வெளிய வெயில் சுள்ளுனு அடிக்குது!"

"வெள்ளத்துக்கு ஆருங்க பயந்தா? மெட்ராஸ்ல இருந்து நம்ம புள்ள தனப்பிரியா, மாமியா ஊட்டாளுக அத்தன பேத்தையும் கூட்டிட்டு வாரா. வாண்டுக மட்டும் ஒம்போது. போன தடவ டிவிய ஒடச்சது மறந்துபோச்சுங்களா?"

"எத்தன நாளைக்கு?"

"புயல் கரையக் கடக்கற வரைக்குமுங்க."

டிவியில் கடைசியாகக் கேட்டது சின்னுசாமிக்கு நினைவு வந்தது. புயல் நகராமல் நடுக்கடலிலேயே நிற்கிறதாம்.

இடுப்பைப் பிடித்தபடி எழுந்து, மூன்றாவது டிரம்மைத் தேடப் போனார்.