சத்தம் நின்ற இடம்

ஹெட்போன் ஒன்றுதான் இருந்தது.

இசைவாணி அதை விரித்துப் பிடித்தாள். ஒரு பக்கம் அம்மாவின் காதில், மறுபக்கம் தன் காதில். இருவர் தலையும் ஒட்டிக்கொண்டன. அம்மாவின் முடியில் எண்ணெயோடு தீப்பெட்டி மருந்தின் வாடையும் இருந்தது.

“என்னக்கா, பாட்டுக் கேக்க வந்தீகளா? எந்தப் படம்?” என்றார் பிரவுசிங் சென்டர் முனியராஜ்.

அவர் மின்விசிறியை இவர்கள் பக்கம் திருப்பிவிட்டுப் போனார். சுவரில் மாட்டியிருந்த அடுத்த வருஷத்து சாம்பிள் காலண்டர்கள் படபடத்தன. 2007.

திரையில் ஒரு நீலக் கோடு நிரம்பிக்கொண்டிருந்தது. பாதியில் நின்றது. மறுபடி நகர்ந்தது.

இசைவாணி மதுரையில் சமூகவியலில் எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்தாள். லீவுக்கு வந்த இடத்தில், ஆய்வுக்குப் புள்ளிவிவரம் தேடும்போது அந்தத் தளம் கிடைத்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று, பழைய கள ஆய்வுகளின் ஒலிநாடாக்களை இணையத்தில் ஏற்றி வைத்திருந்தது. நாடு, மாவட்டம் என்று சொடுக்கிக்கொண்டே போனால் கடைசியில் அவள் ஊரான ஆனைக்குட்டம் வந்தது. 1990.

பெயர் இல்லை. ‘தீப்பெட்டித் தொழிலாளி, பெண், முப்பது வயது’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. அடியில் ஒரு வரி: இந்த வீட்டில் குழந்தைத் தொழிலாளர் இல்லை.

அதை அவள் தாண்டிப் போனாள். எல்லா வீட்டுக்கும் அப்படித்தான் எழுதியிருந்தது.

ஒலியைத் திறந்தபோது, ஊர்ப் பேரைச் சொன்னது அம்மாவின் குரல். அடுத்த கேள்வி வருவதற்குள் கரண்ட் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதைச் சொல்லிவிட்டுக் கேட்டாள். “அந்த சார் டேப்பு எடுக்க வந்தப்ப அக்காவும் வீட்லதான இருந்தா?”

“இருந்தா.”

“பேசுனாளாம்மா?”

அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் வேலைக்குப் போகவில்லை. வெளியே போகும்போது கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

அக்கா பாண்டிச்செல்வி. டேப் எடுத்த அதே வருஷம் தீபாவளி சீசனில், பட்டாசுக் கம்பெனி ஒன்றில் மருந்து கலக்கும் அறை வெடித்து இறந்துபோனாள். போட்டோ கிடையாது. போட்டோக்காரர் பள்ளிக்கூடத்துக்குத்தான் வருவார். அவள் பள்ளிக்கூடம் போகவில்லை.

முகம் மனசில் இருந்தது. குரல்தான் போய்விட்டது.

“அவ எப்படிப் பேசுவான்னு மறந்துபோச்சுத்தா” என்று ஒருநாள் சோறு போடும்போது அம்மா சொன்னாள், உப்பு தீர்ந்துவிட்டதைச் சொல்வதுபோல. இசைவாணிக்கும் மறந்திருந்தது. சொல்லவில்லை.

நீலக் கோடு நிரம்பியது.

முதலில் இரைச்சல். எங்கோ ஒரு கோழி. கேள்வி கேட்கும் ஆண்குரல், பதில் சொல்லும் அம்மா. அதற்கெல்லாம் பின்னால், ஒரே சீராக, டக், டக், டக்.

மரச்சட்டத்தில் தீக்குச்சிகளை அடுக்கி, நுனி சமமாக நிற்பதற்காகத் தட்டும் சத்தம். உள்ளறையிலிருந்து வந்தது.

அம்மாவின் கை இவள் மணிக்கட்டைப் பிடித்தது.

இசைவாணிக்கு அந்தக் காலை ஞாபகம் இருந்தது. ஆராய்ச்சிக்காரர்கள் வருகிறார்கள் என்றால் தெருமுனையிலேயே தகவல் கிளம்பிவிடும். வேலைக்குப் போகும் பிள்ளைகள் உள்ளே போவார்கள். படிக்கும் பிள்ளையை முன்னால் உட்காரவைப்பார்கள். அம்மா அவளுக்கு யூனிபார்ம் மாட்டி, ரிப்பன் கட்டி, டேப்ரிக்கார்டருக்கு எதிரே உட்காரவைத்தாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. யூனிபார்ம் எதற்கென்று யாருக்கும் தோன்றவில்லை.

“உங்களுக்கு எத்தனை குழந்தைகள்?” புத்தகத்தைப் பார்த்து வாசிப்பதுபோலக் கேட்டது அந்த ஆண்குரல்.

டக், டக்.

“ஒத்தப் பிள்ளதாங்கய்யா. இந்தா உக்காந்திருக்குல்ல, இது மட்டுந்தான்.”

சத்தம் நின்றது.

அவர் எழுதிக்கொண்டிருந்திருக்க வேண்டும். யாரும் பேசவில்லை. கோழிகூடக் கத்தவில்லை. நாடா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு, தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டார். அம்மா சொன்னாள். அடுத்து ரேஷன். அடுத்து ஓட்டு. அம்மா எல்லாவற்றுக்கும் சொன்னாள். அந்தத் தட்டல் திரும்ப வரவில்லை. பேட்டி முடியும்வரை வரவில்லை.

இசைவாணி ஹெட்போனை எடுக்கப் போனாள். அம்மா விடவில்லை.

“அன்னைக்குப் பூராம் என்கிட்ட பேசல அவ” என்றாள். திரையைப் பார்த்துத்தான் சொன்னாள். கொஞ்சம் கழித்து, “சத்தம் நின்ன எடத்துல இருந்து போடு.”

போட்டாள். முடிந்ததும் அம்மா விரலை மட்டும் அசைத்தாள். மறுபடி போட்டாள்.

முனியராஜ் டீ கிளாஸோடு வந்து நின்றார். இரண்டு பெண்கள் ஒரு ஹெட்போனுக்குள் தலையைக் கொடுத்து, அசையாத திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“என்னக்கா, சத்தம் வரலையா?”

“வருதுய்யா” என்றாள் அம்மா.